கயிற்றின் மேலே ஒரு குடும்பம்

போன இதழில் சீனாவின் குடும்ப வித்தைக் குழுக்களைப் பற்றி நாலே வரி எழுதினேன். தபால்காரர் என்னைத் திட்டும் அளவுக்குக் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாம் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்தான். பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கிற இந்த இரண்டு ஊரும் வேறு எதில்தான் போட்டி போடவில்லை? ஆகவே இந்த முறை கழை, கயிறு, கரணம் மட்டும். காதல், கிரிக்கெட், கூட்டணிக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

● பஸ் பாஸ் வைத்திருப்பவர், பஞ்சு மார்க்கெட், ராஜபாளையம்
அண்ணாச்சி, டிவியில் சீனாக்காரர்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் ஏறிக் கோபுரமாக நிற்கிறார்கள். நம் ஊர் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்கே சண்டை வருகிறது. அவர்களால் மட்டும் எப்படி?

பஸ்ஸில் நிற்பவர்கள் ஒரே குடும்பமில்லையே!

விஷயமே அதுதான். கீழே தோள் கொடுப்பவர் தகப்பன், அதற்கு மேலே சித்தப்பா, உச்சியில் நிற்பது கடைக்குட்டி. கீழே இருப்பவருக்குத் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார், ஏனென்றால் மேலே நிற்பது அவர் பிள்ளை. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் வூச்சியாவ் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா எப்படியோ, வூச்சியாவுக்கு வித்தை அப்படி. நடக்கப் பழகும் குழந்தை முதல் தொண்ணூற்றொன்பது வயதுக் கிழவர் வரை அங்கே ஆளுக்கொரு வித்தை கைவசம் உண்டு என்று அந்த ஊரார் சொல்லிக்கொள்வார்கள். பீற்றிக்கொள்ள ஆதாரமும் வைத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் 1958-ல் கிடைத்த ஒரு பழைய கல்லறையின் சுவர் ஓவியத்தில் தலைகீழாக நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஓவியத்தின் வயது சுமார் 1,500 ஆண்டு. வயலில் வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் குடும்பத்தோடு கிளம்பி, ஊர் ஊராக வித்தை காட்டிப் பிழைத்துத் திரும்புவார்கள். கலை வளர்ந்தது வயிற்றால்தான். பஞ்சம் பிழைக்கப் போன கதை வானம் பார்த்த பூமிக்காரர்களான நமக்குப் புதிதா என்ன?

● தமிழாசிரியை, மாட வீதி, ஸ்ரீவில்லிபுத்தூர்
சீனர்களுக்குக் கல்லறை ஓவியம் இருக்கிறது. நம் கழைக்கூத்தாடிகளுக்கு அப்படி ஏதாவது சான்று உண்டா?

டீச்சர், பதில் உங்களுக்கே தெரியும். என்னைச் சோதிக்கிறீர்கள். சரி, பரீட்சை எழுதிவிடுகிறேன்.

நற்றிணையின் 95-ம் பாட்டில் ஒரு மலையூர். கொட்டு முழங்க ஒரு பெண் முறுக்கேறிய கயிற்றின்மேல் நடந்துவிட்டுப் போயிருக்கிறாள். கயிறு அப்படியே கிடக்கிறது. அத்திப்பழம் போலச் சிவந்த முகமுள்ள ஒரு குரங்குக்குட்டி அதைப் பிடித்துத் தொங்கி ஆடுகிறது. குறவர் வீட்டுச் சிறுவர்கள் பாறைமேல் ஏறி நின்று அதற்குத் தாளம் போடுகிறார்கள். வித்தைக்காரி போனபின் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்திருக்கிறார் பாருங்கள், அவரல்லவா புலவர்! நம் ஊரில் கூடாரம் பிரித்த மறுநாள் மைதானத்தில் பையன்கள் கரணம் போட்டு முட்டியைப் பெயர்த்துக்கொள்வதும் இதே காட்சிதான்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலரும் விடவில்லை. மயில் தளர்ந்து நடப்பதற்கு அவர் காட்டும் உவமை, திருவிழாவில் கயிற்றின்மேல் நடக்கும் ஆடுமகள். உவமை என்பது கேட்பவருக்குத் தெரிந்த பொருளாக இருக்கவேண்டும். ஆக, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்துக்குக் கயிற்றுப் பெண் பழகிய முகம். போதுமா? மதிப்பெண் போடுங்கள்.

● அரசியல் நோக்கர், டீக்கடை பெஞ்சு, சேத்தூர்
கழைக்கூத்தாடிக்கும் அரசியல்வாதிக்கும் என்ன வித்தியாசம்?

கழைக்கூத்தாடி விழுந்தால் அவருக்குத்தான் அடிபடும்.

● பழமொழிப் பித்தர், வத்திராயிருப்பு
‘ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண்ணாயிரு’ என்கிறார்களே, இந்த ஆரியக்கூத்து எந்தக் கூத்து? தெருக்கூத்தா?

பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் இதை வைத்து மேடையில் சண்டையே போட்டிருக்கிறார்கள். கூத்து தரையில் நடக்கவில்லை ஐயா, கயிற்றின்மேல் நடந்தது.

குறுந்தொகையின் 7-ம் பாட்டு பாலை நிலத்தைச் சொல்கிறது. காற்றடிக்கும்போது வாகை மரத்தின் காய்ந்த நெற்றுகள் கலகலக்கின்றன. அந்த ஓசை ஆரியர் கயிற்றின்மேல் ஆடும்போது கொட்டும் பறைபோல இருக்கிறதாம். வடக்கேயிருந்து வந்த கயிற்று வித்தைக்காரர்களை அன்றைக்கே ‘ஆரியர்’ என்று அழைத்திருக்கிறார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டாரே, அதிலும் ‘ஆரியக்கூத்தாடி’ என்று கழைக்கூத்தாடிகளைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. சங்கப் பாட்டிலிருந்து வெள்ளைக்காரன் பதிவேடு வரை ஒரு தொழிற்பெயர் உயிரோடு இருப்பது சாதாரணமா?

இப்போது பழமொழியைத் திரும்பப் படியுங்கள். மேலே எத்தனை வித்தை காட்டினாலும் கண் மட்டும் கயிற்றின் மறுமுனையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் காரியம் அல்ல, ஆளே முடிந்தது. எழுதினவருக்குக் கயிறு தெரிந்திருக்கிறது. நாம்தான் கயிற்றை அறுத்துவிட்டுப் பழமொழியை மட்டும் வைத்திருக்கிறோம்.

● பத்தாம் வகுப்பு மாணவன், தளவாய்புரம்
‘கழை’ என்றால் என்ன?

மூங்கில். கரும்புக்கும் அந்தப் பெயர் உண்டு. பரீட்சையில் மூங்கில் என்று எழுது. பொங்கலுக்குக் கரும்பு என்று வைத்துக்கொள்.

● பழைய நினைவுக்காரர், முடங்கியார் சாலை, ராஜபாளையம்
ஜவகர் மைதானத்தில் சின்ன வயதில் கயிற்று வித்தை பார்த்திருக்கிறீர்களா அண்ணாச்சி? நான் பார்த்திருக்கிறேன், யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நான் நம்புகிறேன், ஏனென்றால் எனக்கும் சாட்சி இல்லாத ஒரு ஞாபகம் இருக்கிறது. எந்தத் திடல் என்பதில் மட்டும் என் ஞாபகமும் என் அக்காவின் ஞாபகமும் ஒத்துப்போகவில்லை.

முதலில் ஒரு கழுதை வரும். அதன் முதுகில் மூங்கில், கயிறு, கோணிப்பை, கோணிக்கு மேலே ஒரு கைக்குழந்தை. திடலைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்து, வெயில் கண்ணில் அடிக்காத திசையை முடிவு செய்வது பெரியவர். அந்த ஒரு வேலையை மட்டும் வேறு யாரிடமும் விடமாட்டார். இரண்டிரண்டு மூங்கிலைக் கத்தரிக்கோல் மாதிரி பிணைத்து எதிரெதிரே நிறுத்துவார்கள். கயிறு அந்தக் கவைகளின்மேல் போய் இரண்டு பக்கமும் தரைக்கு இறங்கும். அங்கே கடப்பாறையால் முளை அடித்து, கட்டி, இழுத்து, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். வீணைக்காரர் தந்தியைச் சுண்டிப் பார்ப்பதுபோலத்தான். தொய்ந்தால் கால் உளையும், அதிகம் முறுக்கினால் கயிறு ஆளை எற்றிவிடும்.

அப்புறம் கொட்டு. இது கூட்டம் சேர்க்கத்தான் என்று அப்போது நினைத்தேன். பிறகு கவனித்தேன்: அந்தப் பெண் ஏறியதும் கொட்டின் வேகம் அவள் காலடியோடு சேர்ந்துகொள்கிறது. அவள் தயங்கினால் கொட்டும் தயங்குகிறது. கொட்டுகிறவர் அவள் தாய். கீழே, கயிற்றுக்கு நேர் அடியில், அவள் நடக்க நடக்க அண்ணாந்தபடி கூடவே ஒருவர் நடந்தார். வேடிக்கை பார்க்கும் யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் கையில் எதுவும் இல்லை. விழுந்தால் பிடிப்பதற்குக் காலியாக வைத்திருந்தார்.

இன்னொன்று. பெரியவர் கூட்டத்திடம் தமிழில் பேசினார், பிள்ளைகளிடம் தெலுங்கில் அதட்டினார். எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு ராஜு வீட்டுப் பாட்டிக்கு ஒரே சந்தோஷம். அவரும் தெலுங்கிலேயே ஊர் விசாரித்தார். கழைக்கூத்தாடிகளான தொம்பர்களில் பலருக்கு வீட்டுமொழி தெலுங்கு, ராஜபாளையத்து ராஜுக்களுக்கும் அதுவே. ஒரு கூட்டம் வந்து குடியேறி மில் கட்டியது. இன்னொன்று வந்து முளை அடித்தது, சாயங்காலமே பிடுங்கிக்கொண்டு போனது.

● இயற்பியல் விடாது, பிளஸ் டூ, ஸ்ரீவில்லிபுத்தூர்
கையில் அவ்வளவு நீளக் கழி எதற்கு? கனம்தானே கூடும்?

கனத்துக்காகத்தான் தம்பி! ஒரு விளக்குமாற்றைச் செங்குத்தாகப் பிடித்துச் சுழற்றிப் பார், எளிது. அதையே நடுவில் பிடித்துக் கிடைமட்டமாகச் சட்டென்று சாய்க்கப் பார், முரண்டு பிடிக்கும். எடை மையத்தைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சோம்பேறித்தனம். உன் பாடப் புத்தகம் இதை நிலைமத் திருப்புத்திறன் என்று சொல்லிப் பயமுறுத்தும். கழி பிடித்தவர் சாய ஆரம்பித்தாலும் மெதுவாகத்தான் சாய்வார். நிமிர்ந்துகொள்ள நேரம் கிடைக்கும். கழியின் இரண்டு முனையும் கீழே வளைந்து தொங்கினால் ஈர்ப்பு மையமும் சற்று இறங்கும், அது உபரி லாபம்.

கழி இல்லாமலும் நடப்பார்கள். அப்போது இரண்டு கையும் கழி. உன் அப்பா வரப்பில் சைக்கிள் தள்ளும்போது இடது கையை விரித்துக்கொள்கிறாரே, அவரும் அரைக் கழைக்கூத்தாடிதான். சொல்லிவிடாதே.

● நாய் நேசன், தென்காசி சாலை, ராஜபாளையம்
எங்கள் ஊர் நாய் சர்க்கஸில் சேர்ந்தால் எப்படி இருக்கும்?

சேராது. அது ஒரு எஜமானருக்குத்தான் அடங்கும். ரிங் மாஸ்டர் மாறினால் அவரையே வளையத்துக்குள் தாண்ட வைத்துவிடும். 2005-ல் தபால்தலையில் இடம்பிடித்த நாய் அது. தலையைக் காட்டினாலே போதும், வால் ஆட்ட அவசியமில்லை.

● மந்திரம் நம்பாதவர், சம்மந்தபுரம், ராஜபாளையம்
கயிற்றை வானத்தில் எறிந்தால் அது நிற்குமாம், பையன் ஏறி மறைவானாம். ‘இந்தியக் கயிற்று வித்தை’ என்று உலகமே சொல்கிறது. நம் கழைக்கூத்தாடிகள் செய்ததா?

இந்த வித்தையின் ஜாதகம் வித்தையைவிட வேடிக்கை. 14-ம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா இப்படி ஒன்றைப் பார்த்ததாக எழுதினார். எங்கே? இந்தியாவில் அல்ல, சீனாவின் ஹாங்சோவில்! வித்தைக்காரர் வாரை மேலே எறிகிறார், பையன் ஏறி மறைகிறான், பிறகு அவனுடைய கை கால் ஒவ்வொன்றாகக் கீழே விழுகிறது, ஒட்ட வைத்ததும் எழுந்து நிற்கிறான். பதூதாவுக்கு நெஞ்சு படபடத்து மருந்து குடிக்க நேர்ந்தது. பக்கத்தில் இருந்த காஜியோ அசையவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, எல்லாம் கண்கட்டு என்றார். உங்கள் கட்சிக்காரர்.

அப்படியானால் ‘இந்திய’ எப்படி வந்தது? 1890 ஆகஸ்டில் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழ், இரண்டு அமெரிக்கர்கள் இந்தியாவில் இதை நேரில் கண்டதாக ஒரு செய்தி போட்டது. அது கட்டுக்கதை என்று நாலு மாதம் கழித்து அதே இதழ் ஒப்புக்கொண்டது. மறுப்பை யார் படிக்கிறார்கள்? செய்தி உலகம் சுற்றிவிட்டது. சீனாவில் பார்த்தது, சிகாகோவில் எழுதியது, பழி மட்டும் இந்தியாவுக்கு. நிஜமாகவே கயிற்றில் நடந்த பெண்ணின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

● வரலாற்றுப் பிரியை, திருமுக்குளம் அருகில், ஸ்ரீவில்லிபுத்தூர்
நம் பக்கத்து வித்தைக்காரர் யாராவது அந்தக் காலத்தில் வெளிநாடு போய்ப் பேர் வாங்கியது உண்டா?

ஒருவர் உண்டு. லண்டன் விளம்பரங்களில் அவர் பெயர் ‘ராமோ சாமி’. நம் ராமசாமிதான், வெள்ளைக்காரன் நாக்கில் விழுந்து காலொடிந்துவிட்டார். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாள் விழுங்கியும் பந்து வீசியும் பெரிய கூட்டம் சேர்த்தவர். அந்த நாளில் லண்டன் வந்த இந்திய வித்தைக்காரர்களைப் பார்த்துவிட்டு வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் 1821-ல் ஒரு கட்டுரையே எழுதினார். நாலு பித்தளைப் பந்தைக் காற்றில் நிறுத்துகிற அந்த ஆள் ஒரு தப்புச் செய்யவில்லை, நான் எழுதுவதில் எத்தனை தப்பு என்று அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு அப்படி ஒரு வெட்கம் அடிக்கடி வருவது நல்லது. எனக்குப் போன இதழில் வந்தது.

ராமசாமி 1850-ல் லண்டனிலேயே இறந்தார். அடக்கம் செய்யக் காசில்லாமல் அவர் மனைவி பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது.

● கல்யாணமாகி இருபது வருடம், ராமகிருஷ்ணாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர்
இல்லறமும் கயிற்றின்மேல் நடப்பதுதானே?

இரண்டிலும் கயிறு உண்டு. ஒன்றில் நடந்து முடித்தால் கைதட்டுவார்கள். இன்னொன்றில் ஏறும்போதே கொட்டி முழக்கி, மொய்யும் எழுதிவிட்டு, சாப்பிட்டுப் போய்விடுவார்கள்.

● சர்க்கஸ் ரசிகர், சத்திரப்பட்டி
எந்த சர்க்கஸ் வந்தாலும் முதலாளி மலையாளி. என்ன ரகசியம்?

ரகசியத்தின் பெயர் தலச்சேரி. கேக், கிரிக்கெட், சர்க்கஸ் மூன்றுக்கும் கேரளத்தில் அந்த ஊர்தான் முதல் என்று மார் தட்டுவார்கள்.

ஆனால் கதை மராட்டியத்தில் தொடங்குகிறது. ஜியுசெப்பே கியாரினியின் இத்தாலிய சர்க்கஸ் பம்பாய்க்கு வந்தது. இந்தியர்களுக்கு இதெல்லாம் வராது என்று அவர் ஏளனம் செய்ததாகக் கதை. குருந்த்வாட் சமஸ்தானத்தில் குதிரைகளைக் கவனித்துக்கொண்டிருந்த விஷ்ணுபந்த் சத்ரேக்கு ரோஷம் வந்துவிட்டது. 1880-ல் ‘கிரேட் இந்தியன் சர்க்கஸ்’ பிறந்தது. ரோஷத்தால் எத்தனையோ தொழில் அழிந்திருக்கிறது. ரோஷத்தால் தொடங்கியது இது ஒன்றாக இருக்கும்.

சத்ரே தலச்சேரிக்கு வந்தபோது கீலேரி குஞ்ஞிக்கண்ணனைச் சந்தித்தார். இவர் களரியும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்தவர். ‘என்னிடம் குதிரையும் கூடாரமும் இருக்கிறது, உன்னிடம் உடம்பு இருக்கிறது’ என்பதுதான் ஒப்பந்தத்தின் சாரம். குஞ்ஞிக்கண்ணன் 1901-ல் தலச்சேரிக்குப் பக்கத்தில் சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். அவருடைய மாணவர் பரியாளி கண்ணன் 1904-ல் சொந்தக் கம்பெனி கண்டார். அப்புறம் வரிசையாகக் கம்பெனிகள். அந்த ஊர்ப் பிள்ளை ‘கண்ணன் பாம்பாயோ’ என்ற பெயரில் 1930-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துள்ளும் கயிற்றின்மேல் கரணம் அடித்துப் பேர் வாங்கினார்.

கவனியுங்கள், இங்கேதான் கதை திரும்புகிறது. கழைக்கூத்தாடிக்குக் குடும்பமே பள்ளி. தலச்சேரியில் பள்ளியே குடும்பம் ஆனது. தகப்பனிடம் கற்றதை டிக்கெட் போட்டு விற்க முடியவில்லை, வாத்தியாரிடம் கற்றதை விற்க முடிந்தது. நாலு கழியை நட்டுத் துணியால் மறைத்துவிட்டால் அது சர்க்கஸ், காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடலாம். திறந்த வெளியில் அதையே செய்தால் பிச்சை. வித்தையில் வித்தியாசமில்லை ஐயா, துணியில்தான்.

பின்குறிப்பு: உங்கள் ஊர் பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. சர்க்கஸ்காரர்கள் உங்களைத்தான் ரசிக்கவேண்டும்.

● குழப்பம், பழைய பஸ் ஸ்டாண்ட், ராஜபாளையம்
ஜெமினி சர்க்கஸ், ஜெமினி ஸ்டுடியோ, ஜெமினி கணேசன். மூவரும் உறவா?

ஸ்டுடியோவில் வேலை பார்த்ததால் கணேசனுக்கு அந்தப் பெயர். சர்க்கஸ் தனிக் குடித்தனம். எம்.வி. சங்கரன், சகாதேவன் என்ற இருவர் நொடித்துப்போன ஒரு சர்க்கஸை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கி, 1951 ஆகஸ்ட் 15-ல் குஜராத்தின் பிலிமோராவில் தொடங்கினார்கள். சங்கரன் மிதுன ராசிக்காரர், ஆங்கிலத்தில் ஜெமினி. 2023-ல் தொண்ணூற்றெட்டு வயது தாண்டி மறைந்தார். பார் விளையாடிய உடம்பு!

● சினிமாப் பைத்தியம், கிருஷ்ணன்கோவில்
தமிழ் சினிமாவில் சிறந்த சர்க்கஸ் எது?

மூன்று சொல்லலாம். 1948-ல் வாசனின் ‘சந்திரலேகா’: முரசு நடனத்தைப் பேசிப் பேசி, அதில் வரும் சர்க்கஸை மறந்துவிட்டோம். கமலா சர்க்கஸ், பரசுராம் லயன் சர்க்கஸ் என்று நிஜக் கம்பெனிகளையே கொண்டுவந்து இறக்கினார் வாசன். 1966-ல் எம்.ஜி.ஆரின் ‘பறக்கும் பாவை’. 1989-ல் ‘அபூர்வ சகோதரர்கள்’ அப்பு. என் ஓட்டு அப்புவுக்கு. மற்ற படங்களில் சர்க்கஸ் ஒரு காட்சி, இதில் அது வீடு.

கயிற்றின் கீழே காலிக் கையோடு நடக்கிறாரே, அவரைக் கதாநாயகனாக வைத்து இன்னும் யாரும் படம் எடுக்கவில்லை. கதை ரெடி, தயாரிப்பாளர்கள் அணுகலாம்.

● வனக் காவலர் வீட்டுப் பிள்ளை, ஸ்ரீவில்லிபுத்தூர்
வலை கட்டாமல் பார் விளையாடும் குழு எங்கள் ஊரில் இருக்கிறது தெரியுமா?

தெரியும். சாம்பல் நிற மலை அணில். 1988-ல் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். 2021-ல் அந்தக் காட்டையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அணிலுக்கு மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். நடுவில் ரெண்டு மரத்தை வெட்டினால் அதன் பார் அறுந்துவிடும், தரையில் இறங்கவேண்டிவரும். தரை அதற்கு ஆகாது.

● ஒரு தாய், மடவார்விளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
போன மாதம் பஜாரில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை தலையில் குடத்தோடு கயிற்றில் நடந்தது. கைதட்டுவதா, போலீஸைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் அழுகை வந்துவிட்டது. நீங்களோ கலை, பாரம்பரியம் என்கிறீர்கள்.

அம்மா, இந்தக் கட்டில் கடைசியாக எடுத்துப் படித்த கடிதம் உங்களுடையது. மற்றவற்றுக்கு எழுதியதைப்போல இதற்கு எழுதமுடியாது.

அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வைத்து வேலை வாங்கக்கூடாது என்று உத்தரவிட்டது. சரியான உத்தரவு. கூடாரங்களுக்குள் குழந்தைகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, படிப்பு கெடாமல் குழந்தைகள் சினிமாவில், டிவி தொடரில், விளம்பரத்தில் நடிக்கலாம் என்றார்கள், ‘சர்க்கஸ் நீங்கலாக’ என்று ஒரு வால் ஒட்டினார்கள். ஏ.சி. அரங்கில் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து பாடும் குழந்தையைப் பார்த்து நாம் எஸ்.எம்.எஸ். ஓட்டுப் போட்டோம். அப்போது நமக்கு அழுகை வரவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

அந்தக் குடும்பம் ஏன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்பது வேறு கேள்வி. ஊர் ஊராகத் திரிபவர்கள் மீது வெள்ளைக்காரனுக்கு எப்போதும் சந்தேகம். முகவரி இல்லாதவனிடம் வரி வாங்கமுடியாது, ஆகவே அவன் திருடன். 1871-ல் குற்றப் பழங்குடிச் சட்டம் போட்டார்கள், 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. 1952 ஆகஸ்ட் 31-ல் நாடு முழுக்க ஒழிந்தது. சட்டம் போனது, பார்வை போகவில்லை. வடக்கே நட், மராட்டியத்தில் கோல்ஹாட்டி, ஆந்திரத்தில் தொம்மரா, பஞ்சாபில் பாஜிகர் என்று அங்கங்கே ஒரு பெயர். நம் மாநிலத்தின் பட்டியல் சாதிகளில் ‘தொம்பரா’ இருக்கிறது. இருந்து என்ன? சாதிச் சான்றிதழுக்கு நிரந்தர முகவரி கேட்பார்கள். முளையை எங்கே அடித்தோமோ அதுவே முகவரி என்றிருப்பவர் எந்தக் கதவு எண்ணை எழுதுவார்?

போலீஸைக் கூப்பிட்டால் குடும்பம் அடுத்த ஊருக்குப் போகும். கயிறு அங்கே கட்டப்படும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். அவர்களுக்குக் குழந்தையைப் பள்ளியோடு சேர்க்கும் வழி தெரியும். அந்தத் தாயிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். கொட்டுகிறவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.

● கல்லூரி மாணவி, ராஜபாளையம்
சீனாவில் மட்டும் இந்தக் குடும்பங்கள் எப்படித் தப்பித்தன?

எல்லாம் தப்பிக்கவில்லை. அங்கேயும் தெருவில் துணி விரித்துத்தான் ஆடினார்கள், பஞ்சத்தில் பிள்ளையை வித்தைக்குழுவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. ஷியா ஜூஹுவா என்று ஒரு பெண், 1937-ல் பிறந்தவர். ‘ஷியா’ அவரைப் பெற்றவர்களின் குடும்பப்பெயர் அல்ல, எடுத்து வளர்த்த வித்தைக் குடும்பத்தின் பெயர். தெருவில் தொடங்கினார். தலையில் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு உடம்பை வில்லாக வளைப்பது அவர் வித்தை. 1957-ல் மாஸ்கோ உலக இளைஞர் விழாவில் அதற்குத் தங்கப் பதக்கம். பிற்காலத்தில் சீன வித்தைக் கலைஞர்கள் சங்கத்தின் தலைவர்.

நடுவில் நடந்தது என்ன? 1950-ல் சீன அரசு தேசிய வித்தைக் குழுவை அமைத்தது. தெருவில் ஆடியவர்களுக்குச் சம்பளம், மேடை, பயிற்சிப் பள்ளி வந்தன. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லாத நிகழ்ச்சி இது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். கிமு இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஹான் பேரரசர் வூ வெளிநாட்டார்முன் இதையெல்லாம் ஆடவைத்து அசத்தியவர்தானே! 2006-ல் வூச்சியாவ் வித்தையைத் தேசியப் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கேயும் அடியும் கண்ணீரும் இருந்தன, அதை மூடி மறைக்கமாட்டேன். பயிற்சிப் பள்ளிகளில் சேரும் பிள்ளைகளின் வயதைக் கேட்டால் மேலே எழுதிய அம்மாவுக்கு மறுபடி அழுகை வரும்.

அரசாங்கத்தின் நிழலே இல்லாமல் தன் குடும்பத்தை வைத்தே உலகத்தைச் சுற்றியவரும் உண்டு. வூச்சியாவ் பக்கத்திலிருந்து கிளம்பிய லாங் டாக் சாம். ஆஸ்திரியப் பெண்ணை மணந்து, இரண்டு மகள்களையும் மேடையேற்றி, இரண்டு உலகப்போருக்கு நடுவே அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் கலக்கினார். பிறகு உலகமே அவரை மறந்தது. கொள்ளுப்பேத்தி ஆன் மேரி ஃபிளெமிங் தேடித் தேடி 2003-ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். நம் கயிற்றுப் பெண்ணுக்கும் ஒரு கொள்ளுப்பேத்தி கேமராவோடு வராமலா போவாள்?

நம் பக்கத்தில் முயற்சி இல்லாமலில்லை. கேரள அரசு 2010-ல் தலச்சேரியில் சர்க்கஸ் அகாடமி தொடங்கியது. சில ஆண்டுகள்தான் ஓடியது.

● என் மகள் ரப்பர் மாதிரி வளைகிறாள், ஸ்ரீவில்லிபுத்தூர்
அவளை என்ன செய்யலாம்?

ஜிம்னாஸ்டிக்ஸில் சேருங்கள். கயிற்றுக்குப் பதில் பீம், திடலுக்குப் பதில் மெத்தை, தட்டுக்குப் பதில் ஸ்போர்ட்ஸ் கோட்டா.

● நேர்மையான கஞ்சன், ராஜபாளையம்
வித்தை முடிந்து தட்டு வரும்போது எவ்வளவு போடுவது முறை?

கம்பத்தில் ஏறி ஆயிரம் கரணம் போட்டாலும் கீழே இறங்கி வந்துதான் தியாகம் வாங்கவேண்டும் என்று பழமொழி. ‘தியாகம்’ என்றால் அங்கே கொடை. நான் பார்த்தவரை மொத்தக் காட்சியிலும் ஆபத்தான கட்டம் அதுதான். பெண் கயிற்றில் இருக்கும்போது இம்மி நகராத கூட்டம், கால் தரையில் பட்டதும் பாதி காணாமல் போகும். அதுவும் ஒரு வித்தை, நாம் பயிற்சியே இல்லாமல் செய்வது.

கால் கிலோ பால்கோவா விலை போடுங்கள். அதற்கு மனசு வராவிட்டால் நூறு கிராம். தட்டு வரும்வரை நின்ற இடத்தில் நில்லுங்கள். இப்போதெல்லாம் தட்டோடு க்யூ.ஆர். அட்டையும் வருகிறது, ‘சில்லறை இல்லை’ என்கிற நம் குடும்ப வித்தை அங்கே பலிக்காது.